இயற்கை எய்தினார்

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வருகிறவர்கள் வாசகம் என்ன என்று பெரும்பாலும் சொல்வதில்லை. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெயர், வயது, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், வீடு எங்கே. மிச்சத்தை நாங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய அச்சுக் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு எல்லாம் ஒரே இயந்திரத்திலிருந்துதான் வெளியே வரும். தமிழில் தட்டச்சு செய்வது என் வேலை, அச்சடிப்பது என் கணவரின் வேலை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. சீனப் பள்ளியில் போட்டு வளர்த்துவிட்டார்கள். பேச விட்டால் வாய் ஓயாது, எழுத்தைக் காட்டினால் ஜிலேபியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

அதனால் சாவுக்கென்று ஒரு மாதிரியை நான் கணினியில் செய்து வைத்திருந்தேன். மேலே குத்துவிளக்கு, ஓரங்களில் வெள்ளைப் பூ, நடுவில் படம், அதற்குக் கீழே 'இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' சிவபதம் அடைந்தார் என்றோ இறைவனடி சேர்ந்தார் என்றோ கேட்கிறவர்களுக்கு மாற்றிக் கொடுப்பேன். கேட்காதவர்களுக்கு இயற்கைதான். மாரடைப்பு, சர்க்கரை, நெடுஞ்சாலை விபத்து, கிணற்றில் விழுந்தது எல்லாவற்றுக்கும் அதையே போட்டிருக்கிறோம். இதில் என்ன இயற்கை என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

அன்று காலை நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போது கைப்பேசி விடாமல் துடித்தது. ஆயர் தாவார் போகும் சாலையில் மாத்தா ஒருவனைச் சுட்டுவிட்டார்களாம். போலீஸை எங்கள் தோட்டத்தில் மாத்தா என்றுதான் சொல்வோம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பெயர் வருவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிட்டது. 'நம்மாளா?' பதிலும் வந்துவிட்டது. 'நம்மாளுதான்.' அப்புறம் கை கூப்பிய படங்கள், கோபப்பட்ட மூஞ்சிகள், 'இவனுங்களுக்கு இது வேணும்' என்று ஒருவர், 'நீ வாய மூடு' என்று இன்னொருவர். எனக்கு இந்தச் செய்திகள் புதிதல்ல. அரை நாள் கொதிப்பேன், பிறகு உலையில் அரிசி போடப் போய்விடுவேன். கைப்பேசியைப் பைக்குள் தள்ளினேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வெளியே வந்து பார்த்தபோது பெயர் வந்திருந்தது.

என் சிநேகிதியின் தம்பி.

பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவள் தம்பி ரொம்பத் தாமதமாகப் பிறந்தவன். அவர்கள் அம்மா பால்மரம் வெட்டப் போய்விடுவார், இவள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை வருவாள். பிறகு தோட்டத்தை விற்றார்கள், மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், எல்லோரும் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். அவள் ஒரு மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். கணவர் ஒரு பள்ளிக்கூடத்துக் காவலாளி. ஒரே மகன், கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறான், வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவான். தம்பியும் அந்த வீட்டில்தான் ஓர் அறையில் இருந்தான்.

அந்தத் தம்பி நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. இளவயதில் சங்கிலி அறுத்தான். ஒரு சீன அம்மாள் கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சிறைக்குப் போனான். வெளியே வந்த பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். பழைய கூட்டாளிகளை விட்டுவிட்டானா என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டான் என்று அவள் சொல்வாள். அக்காள் வேறு எப்படிச் சொல்வாள்? எனக்கு அவனை அவ்வளவாகப் பிடிக்காது. ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வாழ்த்துப் பேனர் அடிக்க வந்தான். அம்மன் படம் ஓரத்தில் சின்னதாக, இவன் படம் நடுவில் பெரிதாக, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. 'தம்பி, திருவிழா உனக்கா அம்மனுக்கா?' என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தான், ஆனால் படத்தைச் சிறிதாக்கச் சம்மதிக்கவில்லை.

சாவுப் பேனருக்கு வந்ததும் அந்தப் படம்தான். வேறு நல்ல படம் வீட்டில் இல்லையாம். சிநேகிதியின் கணவர் காலையிலேயே கடைக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். வாசகம் சொல்லவில்லை. என் கணவர் மாதிரியைத் திறந்தார், படத்தை ஒட்டினார், பெயரை ஒட்டினார், அச்சடித்தார், வேனில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் குடியிருக்கும் தாமான் முனையில் கட்டிவிட்டு வந்தார். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? நான் கன்னம் வீங்கிச் சாவு வீட்டுக்குப் போகும்போது பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குத்துவிளக்குக்குக் கீழே, போலீஸ் குண்டு பாய்ந்து செத்தவன் இயற்கை எய்தியிருந்தான்.

உடனே கடைக்கு அழைத்து அவிழ்க்கச் சொன்னேன். என் கணவர் ஏணியை எடுத்து வருவதற்குள் யாரோ படம் பிடித்துவிட்டார்கள்.

அது எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள், நாங்கள் அடித்ததென்று தெரியாமல். சிரித்தவர்கள் ஒரு பக்கம். 'புல்லட்டு இப்ப இயற்கையாகிடுச்சு.' கோபப்பட்டவர்கள் ஒரு பக்கம், குடும்பமே இப்படிப் பயந்து மறைத்தால் யார் தட்டிக் கேட்பது என்று. குடும்பமே ஒத்துக்கொண்ட பிறகு உனக்கென்ன என்று இன்னொரு பக்கம். மலாயிலும் எழுதினார்கள், ஆங்கிலத்திலும் எழுதினார்கள். ஆனால் ஆகக் கேவலமானவை தமிழில்தான் இருந்தன. ஒருவர், படத்தில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பெரிய மனிதர்போல் இருந்தார், இப்படி எழுதியிருந்தார்: 'சரியாத்தானே போட்டிருக்காங்க. இவன மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் இயற்கை.'

அதற்கு எத்தனையோ பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். பதில் எழுதத் தொடங்கினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். என் கணவர் கைப்பேசியைப் பிடுங்கி மேசைக்குள் வைத்தார்.

இனத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள் என்று ஒரு கூட்டம் சொன்னது. நம் இனம் ஏன் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்கிறது என்று இன்னொரு கூட்டம் கேட்டது. வளர்ப்பு சரியில்லை, வேலை கிடைப்பதில்லை, குடி, சினிமா, தோட்டத்திலிருந்து துரத்தியது, கோயில் கமிட்டிச் சண்டை, எல்லாம் வந்தது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. எனக்கு எரிச்சலே அதுதான். எல்லா உண்மையையும் பேசினார்கள், அந்தச் சாலையில் என்ன நடந்தது என்பதைத் தவிர. அவன் வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான், பாராங் கத்தியோடு பாய்ந்தான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்று போலீஸ் சொன்னது. அது உண்மையாகவும் இருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை.

பக்கத்து ரொட்டி சானாய் கடை முதலாளி ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம், நல்ல மனிதர். ஒரு கிளாஸ் தே தாரேக்கை என் மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, இதுல ரொம்ப தலைய குடுக்காதீங்க. நம்ம கடைக்கி அவுங்களும் வர்றாங்க, இவனுங்களும் வர்றானுங்க. நமக்கு யாவாரம்." நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு தே தாரேக்கைக் குடிக்கப் பிடிக்கவில்லை, ஆனால் குடித்தேன்.

எரித்த பிறகு சிநேகிதி கடைக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவள் அதைக் கேட்க வரவில்லை. வேலைக்குப் போடும் நீலச் சட்டையோடு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"வேற ஒண்ணு அடிச்சுக் குடு. கருமாதிக்குக் கட்டணும்."

"சரி. என்னா போடணும்?"

"மாத்தா சுட்டு செத்துட்டான்னு போடு."

என் கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அக்கா, அப்டிலாம் போட முடியாதுலா. கடை பேரு கீழ இருக்கு. நாளைக்கி லைசென்ஸ புடிச்சுக்கிட்டா?"

"கடை பேரு போட வேணாம்."

"சுட்டுக் கொன்னாங்கன்னு போடணுமா?" என்று நான் கேட்டேன். அந்த வாசகம் செய்தித்தாளில் வருவதுதான். அதற்கு என் விரல் பழகியிருக்கிறது.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "கொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கல. சுட்டாங்க, அது தெரியும். செத்துட்டான், அது தெரியும். அவ்வளோதான் போடு."

இத்தனை பேர் எழுதித் தள்ளியதில் இவ்வளவு கவனமாக ஒருவரும் பேசியதை நான் பார்க்கவில்லை. அவள் கணவருக்கு இதில் சம்மதமா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவர் வேலை பார்ப்பது பள்ளிக்கூடத்தில், காவலுக்கு ஆள் வைக்கும் நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், பயப்படுகிறார். "அவரு பயப்படட்டும். நான் கட்டுறேன்" என்றாள். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பொறு, யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம். நாங்களும் பயந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே இன்னொரு வேலை வந்தது. 'நம் இளைஞர்கள், நம் பொறுப்பு' என்று ஒரு கலந்துரையாடல், ஒரு மண்டபத்தில். துப்பாக்கிச் சூட்டுச் செய்தி சூடாக இருக்கும்போதே நடத்திவிட வேண்டும் என்று ஏற்பாட்டாளர் அவசரப்பட்டார். சிறப்பு விருந்தினர் சிரிக்கிற படத்துக்குக் கீழே கைவிலங்கு படம் வைக்கச் சொன்னார். "அண்ணே, விலங்க அவர் கைக்கே மாட்டுன மாதிரி இருக்கும், பரவாயில்லியா?" என்றேன். என் கிண்டல் அவருக்குப் பிடிபடவில்லை. "அப்ப கொஞ்சம் தள்ளி வைங்க சிஸ்டர்" என்றார். தள்ளி வைத்தேன்.

சிநேகிதிக்குத் தகவல் சொன்னது நான்தான். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், ஒரு வழக்கறிஞர் பேசுகிறார், அங்கே கேட்டுப் பார்ப்போம் என்றேன். பேனரில் எழுதுவதைவிட அது நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மகனும் வந்தான். தாய்மாமனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை, மொட்டைத் தலையோடு எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தான். பலர் அவன் தலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் பேசியவர் ஊக்கமூட்டும் தன்முனைப்புப் பேச்சாளர், காதில் மாட்டுகிற மைக்கோடு மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். போலீஸைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டைத் திரும்பிப் பார்ப்போம் என்றார். தினமும் காலையில் பிள்ளைகளைக் கட்டிப்பிடியுங்கள் என்றார். கைதட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர்களைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். என் சிநேகிதியை ஒரு முன்பின் தெரியாத அம்மாள் கட்டிப்பிடித்தார். அடுத்துப் பேசிய வழக்கறிஞர் இளம்பெண். சுடப்பட்டவரின் குடும்பம் மரண விசாரணை கேட்கலாம், கேட்க வேண்டும் என்றாள். நல்ல பிள்ளை, விஷயம் தெரிந்தவள், ஆனால் சட்டப் பிரிவுகளை ஆங்கிலத்திலேயே அடுக்கிக்கொண்டு போனதில் பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள்.

கேள்வி நேரத்தில் என் சிநேகிதி எழுந்தாள். மைக் அவள் கையில் கிடைத்ததும் ஊளையிட்டது. யாரோ வந்து தூரப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்.

"எந்தம்பியத்தான் போன வாரம் சுட்டாங்க" என்றாள். "அவன் ஜெயிலுக்குப் போனவன். நான்தான் மாசாமாசம் போயி பாத்தேன். தப்பு செஞ்சா புடிங்க, கோர்ட்டுல நிறுத்துங்க. ஏற்கெனவே ஒரு தடவ நிறுத்துனாங்க, நான் ஏன்னு கேக்கல. இப்ப சுட்டுட்டாங்க. வண்டிக்குள்ள இருந்தானா, எறங்குனானா, கைய தூக்குனானா, ஒண்ணும் தெரியல. ஸ்டேஷன்ல போயி கேட்டா பேப்பர்ல வரும்ன்றாங்க. பேப்பர்ல வந்தத நானும் பாத்தேன். எங்கூட வந்து கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். இங்க எல்லாம் பெரியவங்க இருக்கீங்க. யாராச்சும் ஒருத்தரு வந்தா போதும்."

அவ்வளவுதான் கேட்டாள். நான் மேடையைப் பார்த்தேன். சிறப்பு விருந்தினர் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நெறியாளர் மைக்கை எடுத்தார்.

"அக்கா, உங்க வேதனை எங்களுக்குப் புரியுது. ஒரே ஒரு கேள்வி. வண்டியில பாராங் இருந்துச்சாமே, உண்மையா?"

"இருந்துச்சு" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் மண்டபமே மூச்சு விட்டது. நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். நாற்காலிகள் அசைந்தன, ஒருவர் 'ம்' என்றார், ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்தார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளின் வண்டியில் பாராங் இல்லை, ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நிம்மதியைத் தேடித்தான் அவர்கள் மண்டபத்துக்கே வந்திருந்தார்கள், அது கிடைத்துவிட்டது.

"எப்பவும் இருக்கும்லா, செம்பனை லோரி ஓட்டறவன்" என்று அவள் தொடர்ந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. தோட்டத்து ஆள்களின் வண்டியில் பாராங் இல்லாமல் இருக்காது. புல் வெட்ட, இளநீர் வெட்ட, அப்பா அம்மா சமாதியில் புதர் வெட்ட. என் கணவரின் வேனில்கூட ஒன்று கிடக்கிறது, பேனர் கட்ட மூங்கில் சீவுவதற்கு. மண்டபத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு கடை வைக்கலாம்.

பிறகு நடுவரிசையில் ஒருவர் எழுந்து தம் கைப்பேசியை உயர்த்திக் காட்டினார். "இந்தக் குடும்பமே இயற்கை எய்தினார்ன்னு பேனர் கட்டியிருக்கு. அப்புறம் இங்க வந்து இப்படிக் கேட்டா என்னா அர்த்தம்?"

நான் எழுந்துவிட்டேன். "அது எங்க கடை தப்பு. குடும்பத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மாதிரிய மாத்தாம அடிச்சுட்டோம்" என்று கத்தினேன். என்னிடம் மைக் இல்லை. முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நேரம் ஆகிவிட்டது, வெளியே சிற்றுண்டி இருக்கிறது, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று நெறியாளர் அறிவித்தார். வழக்கறிஞர்ப் பெண் மட்டும் எங்களிடம் வந்து, தன் எண்ணைக் கொடுத்து, மரண விசாரணைக்கு எழுதிப் போடலாம், ஆனால் நாளாகும், வருடக்கணக்கில்கூட ஆகலாம், மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள் என்றாள். அவள் மட்டும்தான் உண்மையைச் சொன்னாள், அதுவும் எங்களுக்கு உதவவில்லை. மகன் கரிப்பாப் ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மொட்டைத் தலையைத் தடவியபடி சுவரோரம் நின்றான்.

நான் நேராகக் கடைக்குப் போய்த் தட்டச்சு செய்தேன். விளக்கை எடுத்தேன், பூவை எடுத்தேன். படம், பெயர், வயது, அதற்குக் கீழே 'போலீஸ் சுட்டு இறந்தார்.' என் கணவர் என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இயந்திரத்தைப் போட்டார். அந்த மனிதர் மேல் எனக்குள்ள புகார்களுக்குக் கணக்கில்லை, ஆனால் அன்றைக்கு அதை அவர் அடித்துக் கொடுத்தார். கடை பேரையும் எடுக்கவில்லை. நான் எடுக்கச் சொல்லவுமில்லை.

கருமாதியன்று காலையில் அவளும் மகனுமாகத் தாமான் முனையில் அதைக் கட்டினார்கள். கணவர் வெளியே வரவில்லை. விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு மலாய்க்காரப் பெண் மட்டும், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் வாசலிலேயே நின்று அழுதாள். நம்மவர்கள் அவளைச் சங்கடத்தோடு பார்த்தார்கள்.

பேனர் அங்கேயே இருந்தது. போலீஸ் வந்து கிழிக்கும் என்று நான் எதிர்பார்த்தேன், அதற்கான சண்டையை மனத்தில் தயார்செய்து வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஒரு வண்டி மட்டும் ஒருநாள் மெதுவாக ஊர்ந்து, நின்று, படம் எடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். யார் எடுத்தது, எதற்கு எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சிநேகிதி கடைக்கு வந்தாள். கக்கத்தில் சுருட்டிய பேனர். வெளியே மோட்டாரில் மகன் காத்திருந்தான், கமுந்திங்குக்குத் திரும்பிப் போகிறவன். என் மேசைமேல் சுருளை வைத்தாள்.

"யார்டி கழட்டுனா?" என்றேன். "உன் வீட்டுக்காரரா? பக்கத்து வீட்டுக்காரங்களா? சொல்லு, நான் வாரேன்."

"நான்தான்."

மகனை வெள்ளிக்கிழமை போலீஸ் ரோட் பிளாக்கில் நிறுத்தியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் விலாசத்தைப் பார்த்தவர் அதை இன்னொருவரிடம் காட்டியிருக்கிறார். மோட்டாரை ஓரம் கட்டச் சொன்னார்கள். அந்தப் பேனர் கட்டியிருக்கும் இடம்தானே என்றார்கள். "அடிக்கல" என்றாள். "திட்டல. மரியாதையாத்தான் பேசுனாங்களாம். அதுல இருக்கறவன தெரியுமான்னு கேட்டாங்களாம்."

"அவன் என்னா சொன்னான்?"

"தெரியாதுன்னுட்டான்." அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மாமன் மடியில உக்காந்து காது குத்துன புள்ள. கொள்ளி வச்ச புள்ள. தலையில இன்னும் முடி சரியா மொளைக்கல, பாரு. தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து, வீட்டுல அழுதுக்கிட்டே கெடந்தான். சோறு திங்கல."

"பயத்துல சொல்லியிருப்பான். அதுக்கு நீ கழட்டுவியா? வக்கீல் பொண்ணு என்னா சொல்லிச்சு? எழுதிப் போடணும்லா? நான் கூட வாரேன், உனக்கு யாரு இல்லேன்னாலும் நான் இருக்கேன்" என்றேன். எனக்கே என் குரல் அந்தத் தன்முனைப்புப் பேச்சாளரின் குரல்போல் கேட்டது.

"செத்தவனுக்கு நீ வருவ. இவங்கூட தெனமும் மோட்டார்ல பின்னாடி ஒக்காந்து வருவியா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள், நான் வருவேன் என்று சொன்னால் ஒத்துக்கொண்டிருப்பாள்போல.

"மொத தடவ உன் வீட்டுக்காரரு போட்டாருல்ல, அதுவே இருந்திருக்கலாம்" என்றாள். "யாரையும் ஒண்ணும் செய்யாத வார்த்த அது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

என் கணவர் அச்சடித்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை, இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் நிதானமாக இருந்தாள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? மகன் வெளியே ஹாரனை லேசாக அழுத்தினான். மழை வரும்போல் இருந்தது, அதற்குள் அவன் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும்.

அவள் வெளியே போனாள். நானும் வாசல்வரை போனேன். அவன் காற்சட்டையின் பின்பக்கப் பையிலிருந்து அவளே அடையாள அட்டையை உருவி, மேல்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். ஹெல்மெட் பட்டியை மாட்டினாள். அவன் கைகள் இரண்டையும் பிடித்து மோட்டாரின் கைப்பிடிமேல் வைத்தாள், சின்னப் பிள்ளைக்குச் சைக்கிள் சொல்லிக்கொடுப்பதுபோல்.

"நிறுத்துனா கை இங்கயே இருக்கட்டும். எடுக்கச் சொன்னாதான் எடுக்கணும், மொல்லமா எடுக்கணும்" என்றாள். "மாமாவப் பத்திக் கேட்டா, அன்னிக்கி சொன்னதையே சொல்லு."